நியூட்ரினோ இருக்கும்போது ஆக்ஸியான் எதற்கு?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது நிரூபணமாகிவிட்டது. அது ஒளியை உமிழ்வதும் இல்லை, தடுப்பதும் இல்லை. பேரண்டம் முழுக்க நிரம்பியும் இருக்கிறது. அப்படியானால் கரும்பொருள் என்று, அதாவது ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கண்ணுக்குப் புலப்படாத பொருள் என்று, தேடுவது அதைத்தானே? கையில் இருக்கும் துகளை விட்டுவிட்டு, யாரும் பார்த்திராத ஆக்ஸியானை ஏன் கற்பனை செய்கிறார்கள், ஒளி பரவும் ஊடகம் என்று ஒருகாலத்தில் நம்பிப் பிறகு கைவிட்ட ஈதரின் கதை மறுபடியும் நடக்கிறதா என்பது உங்கள் சந்தேகம். இதில் நியூட்ரினோ பற்றிய பாதிக்கு உறுதியான விடை உண்டு. ஆக்ஸியான் பற்றிய பாதியில், அது எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகச் சொல்லலாம். இருக்கிறதா என்பதைச் சொல்ல முடியாது. நான் பல வருடங்களாகக் கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் வேலை செய்பவன். கருவிகளைக் கட்டி இயக்கிய அனுபவம் எனக்கு இல்லை. பரிசோதனைகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியான முடிவுகளைப் படித்தும் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டும் தெரிந்துகொண்டவை.

உங்களுக்குத் தோன்றிய யோசனை நல்ல யோசனை. 1972-ல் டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராமநாத் கௌசிக், மெக்லெல்லண்டுடன் சேர்ந்து, பேரண்டத்தின் விரிவை வைத்தே நியூட்ரினோவின் நிறைக்கு ஒரு உச்சவரம்பு போட்டுக் காட்டினார். அடுத்த வருடமே இருவரும் இன்னொரு படி போனார்கள்: சில எலெக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் மிகச் சிறிய அலகு) நிறையுள்ள நியூட்ரினோக்கள் திரண்டிருந்தால், விண்மீன் மண்டலங்களின் கொத்துகளைக் கட்டி வைத்திருக்கும் மர்ம ஈர்ப்புக்கு அதுவே காரணமாகலாம் என்றார்கள். அந்த மர்மத்தை 1933-ல் கோமா கொத்தில் முதலில் கவனித்தவர் ஸ்விக்கி. அங்கே மண்டலங்கள் ஓடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவே போதாது. ஆக, உங்கள் கேள்வியை ஐம்பது வருடங்களுக்கு முன்பே துறையில் உள்ளவர்கள் முழு அக்கறையோடு கேட்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நியூட்ரினோ கரும்பொருள்தான். கரும்பொருளில் இன்றைக்கு நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே பகுதி அது. ஆனால் மிகச் சிறிய பகுதி.

எவ்வளவு சிறியது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பெருவெடிப்பு முடிந்து ஒரு நொடி ஆகும்போது நியூட்ரினோக்கள் மற்ற பொருளை விட்டுப் பிரிந்தன. அவை இன்றும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் 336 இருக்க வேண்டும், சூரியனிலிருந்து வருபவை தனி. இந்தப் பழைய நியூட்ரினோக்களை யாரும் நேரடியாகப் பிடித்ததில்லை. அவற்றின் ஆற்றல் அவ்வளவு குறைவு. ஆனால் பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவில் அவற்றின் தடம் இருக்கிறது. எத்தனை வகை நியூட்ரினோ என்று அந்தத் தரவைக் கேட்டால், மூன்று என்றுதான் பதில் வருகிறது. எண்ணிக்கை தெரிந்துவிட்டதால், நிறை தெரிந்தால் மொத்த எடை தெரிந்துவிடும். அண்டவியலில் ஒரு வசதியான அலகு இருக்கிறது. மூன்று வகைகளின் நிறைகளையும் எலெக்ட்ரான்வோல்ட்டில் கூட்டி 93-ஆல் வகுத்தால், அந்த அலகில் நியூட்ரினோக்களின் அளவு கிடைக்கும். அதே அலகில் கரும்பொருளின் அளவு 0.12, சாதாரணப் பொருளின் அளவு 0.022. ஆகவே கரும்பொருள் முழுவதும் நியூட்ரினோவாக இருக்க வேண்டுமென்றால் மூன்றின் கூட்டுத்தொகை சுமார் 11 எலெக்ட்ரான்வோல்ட் ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரில் கத்ரின் என்ற பரிசோதனை நடந்தது. டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதையும்போது வெளிவரும் எலெக்ட்ரானின் ஆற்றல் 18.6 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரை போகும். அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் வரைகோடு எப்படி வளைகிறது என்பதை வைத்து நியூட்ரினோவின் நிறையை எடை போடலாம். இதற்காகச் செய்த நிறமாலைமானி 200 டன். அது பிறந்த ஊரிலிருந்து கார்ல்ஸ்ரூவே 400 கிலோமீட்டர்தான். ஆனால் சாலையில் ஏற்ற முடியாத பருமன் என்பதால், 2006-ல் டான்யூப் ஆறு, கருங்கடல், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக், ரைன் என்று 8,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக் கொண்டுவந்தார்கள். 2025-ல் அந்தக் குழு வெளியிட்ட வரம்பு 0.45 எலெக்ட்ரான்வோல்ட். மூன்று வகைகளுக்கு இடையிலான நிறை வித்தியாசம் இதைவிட மிகச் சிறியது என்பதால், மூன்றுக்கும் இதையே உச்சமாக வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் 1.35. 93-ஆல் வகுத்தால் 0.0145. கரும்பொருளில் இது எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் நிறையின் வரம்பு வானியலிலிருந்து வரவில்லை, முழுக்க ஆய்வகத்திலிருந்து வருகிறது. அதனால்தான் இது எனக்குப் பிடித்த வாதம். கீழ் வரம்பும் தெரியும். 1998-ல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேவும், பிறகு கனடாவின் சட்பரி ஆய்வகமும், நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுவதைக் காட்டின. காஜிட்டாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015-ல் நோபல் பரிசு வந்தது அதற்குத்தான். அந்த அளவீடுகளின்படி கூட்டுத்தொகை 0.06-க்குக் குறையாது, அதாவது கரும்பொருளில் குறைந்தது அரை சதவீதம் நியூட்ரினோ.

சரி, எடை போதாது என்பது ஒரு பக்கம். எடை போதுமானதாக இருந்திருந்தாலும் நியூட்ரினோ இந்த வேலைக்கு ஒத்துவந்திருக்காது. 1980-ல் மாஸ்கோவில் ஒரு குழு, நியூட்ரினோவின் நிறை சுமார் 30 எலெக்ட்ரான்வோல்ட் என்று அறிவித்தது. கரும்பொருள் பிரச்சினை தீர்ந்தது என்றே பலர் நினைத்தார்கள். பின்னால் வந்த அளவீடுகளில் அந்த முடிவு நிற்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே கணினியில் வேறொன்று தெரிந்துவிட்டது. அவ்வளவு லேசான துகள் பேரண்டத்தின் இளமையில் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஓடும் வழியில் சிறிய அடர்த்தி மேடுகளையெல்லாம் கரைத்துவிடும். முதலில் பிரம்மாண்டமான பாளங்கள் உருவாகி, அவை உடைந்துதான் மண்டலங்கள் வர முடியும். வைட், ஃபிரெங்க், டேவிஸ் மூவரும் 1983-ல் செய்த கணினிப் பாவனையில் கிடைத்த பேரண்டம், வானத்தில் தெரியும் பேரண்டத்தைப் போல இல்லவே இல்லை. உண்மையில் மண்டலங்கள் முதலில் வந்தன, பெருங்கொத்துகள் இன்னும் கூடிக்கொண்டிருக்கின்றன. இது போக, 1979-ல் ட்ரெமெய்னும் கன்னும் சொன்ன தடையும் இருக்கிறது. நியூட்ரினோ பௌலியின் விலக்கல் விதிக்குக் கட்டுப்பட்டது. ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது. ஆகவே ஒரு மண்டலத்துக்குள் இத்தனைதான் அடைக்க முடியும் என்ற கணக்கு உண்டு. குட்டி மண்டலங்களில் இருக்கும் கரும்பொருளை நியூட்ரினோ போன்ற துகளால் நிரப்ப வேண்டுமென்றால் அதன் நிறை சில நூறு எலெக்ட்ரான்வோல்ட்டாவது வேண்டும். இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது: நமக்குத் தெரிந்த மூன்று நியூட்ரினோக்களும் கரும்பொருளின் பெரும்பகுதி ஆக முடியாது.

ஈர்ப்பு விதியையே திருத்தினால் போதாதா என்று கருத்துப் பகுதியில் யாராவது கேட்பார்கள். மில்கிராம் 1983-ல் முன்வைத்த திருத்தம் தனித்தனி மண்டலங்களின் சுழற்சியை ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகச் சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொத்துகளிலும், நுண்ணலைப் பின்னணியின் மேடுபள்ளங்களிலும் அது தடுமாறுகிறது. அங்கெல்லாம் மெதுவாக நகரும் ஏதோ ஒரு பொருள், சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால் கணக்கு நேராக வருகிறது. அந்தப் பொருள் இருக்கிறது என்பதை நான் ஏறக்குறைய நிச்சயமானதாக எடுத்துக்கொள்கிறேன். அது என்ன என்பதுதான் திறந்த கேள்வி.

இனி ஆக்ஸியான். இங்கே உங்கள் கேள்வியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, பலருக்கும் இருப்பது. ஆக்ஸியானைக் கரும்பொருளுக்காக யாரும் உருவாக்கவில்லை. அது நியூட்ரானிலிருந்து வந்தது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் குவார்க்குகளுக்கு உண்டு. நேர் மின்னூட்டம் ஒரு பக்கம் சற்றே கூடுதலாகவும் எதிர் மின்னூட்டம் மறுபக்கம் கூடுதலாகவும் ஒதுங்கியிருந்தால், நியூட்ரானுக்கு ஒரு மின் இருமுனைத் திருப்புத்திறன் இருக்கும். வலிய அணுக்கரு விசையின் சமன்பாட்டில் இதை அனுமதிக்கும் ஒரு உறுப்பு இருக்கிறது. அதன் கெழுவைத் தீட்டா என்கிறோம். தீட்டா எந்த மதிப்பாகவும் இருக்கலாம், ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் திருப்புத்திறனை அளக்கப் போனவர்கள் எல்லோரும் ஒன்றும் காணாமலே திரும்பியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் நடந்த பரிசோதனையின் முடிவு 2020-ல் வந்தது. அதன்படி தீட்டா, ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது. இயற்கை ஏன் அந்த எண்ணை இவ்வளவு துல்லியமாகப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறது?

1977-ல் பெச்செயும் ஹெலன் க்வின்னும் ஒரு வழி சொன்னார்கள். தீட்டாவை மாறாத எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறக்கூடிய ஒரு புலமாக எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாகவே ஆற்றல் குறைந்த இடத்துக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, உருண்டு வந்துவிடும். புலம் இருந்தால் அதற்கு ஒரு துகளும் இருக்க வேண்டும் என்பதை அடுத்த வருடம் வைன்பெர்க்கும் வில்செக்கும் தனித்தனியாகக் கவனித்தார்கள். அந்தத் துகள்தான் ஆக்ஸியான். முதலில் சொல்லப்பட்ட ஆக்ஸியானைப் பரிசோதனைகள் சில வருடங்களிலேயே தள்ளுபடி செய்துவிட்டன. பிறகு வந்தவை மிக லேசான, மற்ற துகள்களோடு அநேகமாக ஒட்டாத, அதாவது வினைபுரியாத, ஆக்ஸியான்கள். 1983-ல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில், இப்படிப்பட்ட ஆக்ஸியான் இருந்தால் அது கரும்பொருளாகக் குவிந்துதான் தீரும் என்று காட்டின. வேறொரு சிக்கலுக்குச் சொன்ன தீர்வு, கேட்காமலே இந்தச் சிக்கலுக்கும் பொருந்தியது. என்னைப் போன்றவர்கள் ஆக்ஸியானை மதிப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். அது இருக்கிறது என்பதற்கு இது சான்று ஆகாது.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் மறித்துக் கேட்க வேண்டும்: நியூட்ரினோவை லேசானது, வேகமானது என்று தள்ளிவிட்டு, அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு லேசான ஆக்ஸியானை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்? பதில், அவை பிறந்த விதத்தில் இருக்கிறது. நியூட்ரினோக்கள் கொதிக்கும் குழம்பில் பிறந்தவை, அந்தச் சூட்டின் வேகம் அவற்றுக்கு வந்துவிட்டது. ஆக்ஸியான் புலமோ, தொடக்கத்தில் பூஜ்யத்திலிருந்து விலகி எங்கோ ஒரு மதிப்பில் நின்றிருக்கும். பக்கவாட்டில் இழுத்துப் பிடித்த ஊஞ்சலைப் போல. பேரண்டம் குளிர்ந்ததும் பிடி விடுகிறது, புலம் ஆடத் தொடங்குகிறது. அந்த ஆட்டத்தின் ஆற்றல்தான் கரும்பொருள். சூட்டுக்கு இதில் பங்கே இல்லை, ஆகவே அந்தத் துகள்கள் கிட்டத்தட்ட அசையாமல் பிறக்கின்றன. பௌலியின் விதியும் இவற்றைக் கட்டுப்படுத்தாது. ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எலெக்ட்ரான்வோல்ட்டில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு நிறையுள்ள ஆக்ஸியானை எடுத்துக்கொண்டால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் நூறு லட்சம் கோடி இருக்க வேண்டும். அத்தனையும் சேர்ந்து, சில நூறு மீட்டர் அலைநீளத்தில், நொடிக்கு நூறு கோடி தடவை ஆடும் ஒரே அலை.

இந்த அலையைப் பிடிக்க 1983-ல் பியர் சிகிவி சொன்ன வழி எளிமையானது. வலுவான காந்தப்புலத்துக்குள் ஆக்ஸியான் நுண்ணலையாக மாறலாம். அதன் நிறையும் நுண்ணலையின் அதிர்வெண்ணும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏடிஎம்எக்ஸ் என்ற பரிசோதனை இதைத்தான் செய்கிறது. தாமிரம் பூசிய ஒரு பெரிய உருளை, அதைச் சுற்றி சுமார் 7.5 டெஸ்லா காந்தம், முழுமைப் பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரியில் சிறு பங்கே வெப்பநிலை. உருளைக்குள் இருக்கும் தண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அதிர்வெண்ணாக நின்று கேட்கிறார்கள். எதிர்பார்க்கும் சமிக்ஞையின் திறன், ஒரு வாட்டை ஒன்றுக்குப் பின் 23 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் அளவு. 2018-லிருந்து அவர்களுடைய கருவி, கோட்பாட்டில் மிகப் பலவீனமாக ஒட்டும் மாதிரியைக்கூடக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தத் துல்லியத்தில் இதுவரை முடித்திருப்பது ஏறக்குறைய 2.7-லிருந்து 4.2 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட் வரை. ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? அந்தச் சின்ன ஜன்னலில் ஆக்ஸியான், குறைந்தபட்சம் எதிர்பார்த்த அடர்த்தியோடு, இல்லை. மற்ற இடங்கள் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. எங்கே தேட வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் சொல்ல வேண்டும், அங்கேதான் எங்கள் பக்கம் பலவீனம். பேரண்டத்தின் தொடக்கத்தில் ஆக்ஸியான் புலம் எப்போது உருவானது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு சாத்தியத்தில் நிறையைக் கணிக்கவே முடியாது, தொடக்க மதிப்பு தற்செயலானது. இன்னொன்றில் கொள்கையளவில் கணிக்கலாம். ஆனால் அதற்கு அந்தப் புலத்தில் முறுக்குகளாக உண்டாகும் ஆக்ஸியான் இழைகள் சுருங்கிச் சிதைவதைக் கணினியில் பாவனை செய்ய வேண்டும், அதில் தேர்ந்த குழுக்களே 25 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட்டில் தொடங்கிச் சில நூறு வரை வேறுபடுகின்றன. காரணம், இழையின் தடிமனுக்கும் பேரண்டத்தின் அளவுக்கும் உள்ள விகிதம் எந்தக் கணினிக்கும் எட்டாதது. கிடைத்த விடையை மிக நீண்ட தூரத்துக்கு நீட்டித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. யாராவது உங்களிடம் ஆக்ஸியானின் நிறை இதுதான் என்று அடித்துச் சொன்னால், எந்தச் சாத்தியத்தை எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள்.

ஆக்ஸியானைத் தேடும் இடத்துக்கு மறுபக்க வேலியை, அதாவது கனமான பக்கத்து வேலியை, போட்டுக் கொடுத்தது நியூட்ரினோ. 1987 பிப்ரவரி 23 அன்று நம் பால்வீதிக்கு அருகிலுள்ள பெரிய மெகல்லானிக் மேகம் என்ற சிறு மண்டலத்தில் வெடித்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் இரண்டு டஜன் அளவுக்கு, ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யாவில் இருந்த கருவிகளில் சிக்கின. அவை சுமார் பத்து நொடிகளுக்குப் பரவி வந்தன. ஆக்ஸியான்கள் அந்த விண்மீனின் மையத்திலிருந்து நிறைய ஆற்றலைத் திருடியிருந்தால், நியூட்ரினோ மழை சீக்கிரமே நின்றிருக்கும். அந்தச் சில துகள்களை வைத்து, பொருளோடு ஓரளவு வலுவாக ஒட்டும் ஆக்ஸியான்கள் எல்லாம் தள்ளுபடியாகிவிட்டன. அத்தனை அடர்த்தியான அணுக்கருப் பொருளுக்குள் நடப்பதைக் கணிப்பதில் இன்னும் நிச்சயமின்மை இருப்பதால், இந்த வேலியைச் சில மடங்கு முன்பின் தள்ளிப் போடுபவர்கள் உண்டு. வேலி இருக்கிறது என்பதில் பெரிய தகராறு இல்லை.

2020-ல் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் கரும்பொருளைத் தேடிய செனான்1டி கருவி, எதிர்பார்த்த 232 நிகழ்வுகளுக்குப் பதில் 285 கண்டது. சூரியனிலிருந்து வரும் ஆக்ஸியான் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அப்போதே எங்களில் பலர் அதை நம்பத் தயங்கினோம். ஏனென்றால் அவ்வளவு வலுவாக ஒட்டும் ஆக்ஸியான் இருந்தால், வயதான விண்மீன்கள் நாம் பார்ப்பதைவிட வேகமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். டிரிடியம் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கலாம் என்று அந்தக் குழுவே எச்சரித்திருந்தது. அதைவிடச் சுத்தமான அடுத்த கருவி 2022-ல் பார்த்தபோது அந்தக் கூடுதல் காணாமல் போனது. ஆர்வமூட்டும் வேறொன்று 2024-ல் வந்தது: அதே கருவியும் சீனாவின் பாண்டாஎக்ஸ் கருவியும், சூரியனின் போரான்-8 நியூட்ரினோக்கள் செனான் அணுக்கருவை மெல்லத் தட்டுவதன் முதல் அறிகுறிகளைக் கண்டன. கனமான கரும்பொருள் துகளைத் தேடும் கருவிகளுக்கு இனி நியூட்ரினோவே இரைச்சல். கருவியைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது, ஆக்ஸியான் பக்கம் ஆட்கள் நகர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நியூட்ரினோவை முழுதாகக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த மூன்றைத் தவிர, ஈர்ப்பைத் தவிர வேறு எந்த விசைக்கும் நேரடியாக உட்படாத ஒரு கனமான நியூட்ரினோ இருந்தால், சில ஆயிரம் எலெக்ட்ரான்வோல்ட் நிறையில் அது கரும்பொருளாகலாம். அது எப்போதாவது சிதைந்து எக்ஸ் கதிர் உமிழும். 2014-ல் கொத்துகளிலிருந்து 3.5 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் ஒரு மங்கலான கோடு தெரிவதாக இரண்டு குழுக்கள் சொன்னபோது பரபரப்பானது. ஹிட்டோமி செயற்கைக்கோள் பெர்சியஸ் கொத்தைப் பார்த்தபோது அது தென்படவில்லை. விவாதம் முழுதாக ஓயவில்லை என்றாலும், நான் அதன்மேல் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஈதர் பற்றிக் கேட்டீர்கள். ஈதர் விழுந்தது, அது என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்ததால்தான். சொன்னபடி அளந்து பார்த்தார்கள், இல்லை. ஆக்ஸியானும் அப்படி அளக்கக்கூடியது, இன்ன அதிர்வெண்ணில் இவ்வளவு திறன் என்று சொல்லிவிட்டுத்தான் தேடுகிறார்கள். நியூட்ரினோவும் பௌலி 1930-ல் காகிதத்தில் சொன்ன துகள்தான், ரைன்ஸும் கவனும் பிடித்தது 1956-ல். ஆக்ஸியானுக்கு ஐம்பது வருடம் ஆகப்போகிறது, அந்தத் தாமதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சில வருடங்களில் நான் கவனித்துக்கொண்டிருப்பது உங்கள் நியூட்ரினோவைத்தான். தேனி பொட்டிபுரம் திட்டத்தால் நம் ஊரில் அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். மூன்று நியூட்ரினோக்களில் எது கனமானது என்ற வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே முக்கிய நோக்கமாக இருந்தது. சீனாவில் ஜூனோ என்ற கருவி 2025 ஆகஸ்டிலிருந்து அதே கேள்விக்குத் தரவு எடுத்துக்கொண்டிருக்கிறது. வரிசை தலைகீழாக இருந்தால், அதாவது இரண்டு கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தால், மூன்று நிறைகளின் கூட்டுத்தொகை 0.10 எலெக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறைய முடியாது. ஆனால் விண்மீன் மண்டலங்களின் பரவலை அளக்கும் டெசி குழு, வழக்கமான அண்டவியலை எடுத்துக்கொண்டு, கூட்டுத்தொகை 0.07-க்கும் கீழே என்று 2025-ல் சொல்லியிருக்கிறது. ஜூனோ தலைகீழ் வரிசை என்று சொன்னால், நான் மேலே பயன்படுத்திய 0.12 போன்ற எண்கள் வந்த அண்டவியல் மாதிரியையே திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.